அம்மம்மா படித்த பள்ளிக்கூடத்தைத் தேடுவோமா?

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, இன்டர்நெட்டும் வந்துவிட்டது. மெயிலும் சினிமாப் பாட்டும் தவிர வேறு என்ன செய்யலாம் என்று கேட்கும் திருப்பூர் நண்பர்களே, உங்கள் பாட்டி படித்த பள்ளியைத் தேடிப் பாருங்கள்.

என் அம்மம்மா 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவர். படித்தது அங்குள்ள உடுவில் மகளிர் பள்ளியில். அமெரிக்க மிஷனரிகள் 1824ல் தொடங்கிய பள்ளி அது. முதலில் நடத்தியவர் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார். 1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏராளமான பழைய நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஆனால் மிஷனரிகள் தாய்நாட்டுக்கு எழுதிய கடிதங்கள் பாஸ்டனில் 'மிஷனரி ஹெரால்ட்' இதழில் அச்சாகியிருந்தன. அவற்றை ஆர்க்கைவ் டாட் ஆர்க் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

சிக்கல் ஸ்பெல்லிங்கில்தான். உடுவில் என்பதை இன்று எழுதுவதுபோல் 'யு'வில் தொடங்கி டைப் செய்தால் அந்தக் காலப் பக்கங்கள் சிக்காது. அவர்கள் எழுதியது ஓ-ஓ-டி-ஓ-ஓ-வி-ஐ-எல்-எல்-இ! இதைத் தேடல் கட்டத்தில் டைப் செய்து, நூலின் உள்ளே உள்ள எழுத்துகளிலும் தேடும் ஆப்ஷனைக் கிளிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் நூலின் தலைப்பு, விவரக் குறிப்புகளோடு தேடல் நின்றுவிடும். நம்மூர் மட்டும் என்னவாம்? அரசு எழுதும் திருப்பூரில் இரண்டு 'பி', ஏற்றுமதியாளர் சங்கத்தின் பெயரில் ஒன்று. இரண்டையும் போட்டுப் பாருங்கள். திருப்பூர் மாவட்டம் 2009ல்தான் பிறந்தது. பழைய ஆவணங்களைக் கோயம்புத்தூர் பெயரில் தேட வேண்டும்.

இப்படித் தேடினால் எலைசா ஆக்னியூவும் கிடைப்பார். 1840ல் உடுவிலுக்கு வந்து சுமார் 40 ஆண்டுகள் பள்ளியை நடத்தியவர். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைக்குப் பாடம் சொன்னார். விடுமுறைக்குக்கூட அமெரிக்கா திரும்பவில்லை.

அம்மம்மா கேட்டது வேறு: முதல் மாணவிகளில் நம் குடும்பத்துப் பெண் யாராவது உண்டா? இதற்கு விடை காண்பது கடினம். அந்த மிஷன் விடுதிப் பள்ளிகளில் பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கர் சொல்லும் பெயரையே பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. (பணம் கொடுத்தால் பெயரையே மாற்றிவிடுவதா? எனக்குக் கோபம்தான்.) எனவே தமிழ்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள், குடும்பத்தில் வழங்கிய ஞானஸ்நானப் பெயர்களை முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிற்காலத்துக்கு நூலகம் டாட் ஆர்க் தளம் உதவும். ஈழத்துப் பாடசாலை மலர்கள் பலவற்றை அங்கே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல் கீயுடன் பிளஸ் கீயை இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். எழுத்து பெரிதாகும், பாட்டியே படித்துக்கொள்வார்.