மாரத்தான் பயிற்சியில் நம்பிக்கை போச்சா? கென்யாவின் ஈட்டென் சொல்லித் தரும் பாடம் இதுதான்!

காயம், காய்ச்சல், வேலைப்பளு... ஏதோ ஒரு காரணத்தால் மூன்று வாரம் ஓடாமல் விட்டாச்சு. மறுபடி ஷூவை மாட்டிக்கிட்டு கிளம்பினா 5 கி.மீ.க்கே மூச்சு வாங்குது. அப்போ 42.195 கி.மீ. எப்படி ஓடுறது? இந்தப் பயத்தில் பயிற்சியையே கைவிடுபவர்கள் உண்டு.

இதற்கு ஒரு வழி ஓட்டச் சுற்றுலா. ஓட்டக்காரர்கள் கூடும் ஊருக்கு விடுமுறையில் போய் சில நாள் ஓடுவது. அதற்குப் பேர்போன ஊர் கென்யாவின் ஈட்டென்.

அங்கே என்ன ஸ்பெஷல்?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். நுழைவாயில் வளைவிலேயே 'சாம்பியன்களின் இல்லம்' என்று எழுதியிருக்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷாவைப் பயிற்றுவித்த கோல்ம் ஓ'கானல், இந்த ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியராக வந்த அயர்லாந்துக்காரர்.

போன உடனே வேகம் கூடுமா?

கூடாது. குறையும்! அந்த உயரத்தில் காற்றழுத்தம் சுமார் கால் பங்கு குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. இதை ஈடுகட்ட உடல் கூடுதலாகச் சிவப்பணுக்களை உருவாக்கும். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஒரு வார விடுமுறையில் ரத்தம் பெரிதாக மாறிவிடாது.

அப்புறம் நம்பிக்கை எப்படி வருது?

இங்கேதான் விஷயமே இருக்கு. மலையில் எல்லோருக்கும் வேகம் குறைவதால், வாட்ச் காட்டும் பழைய கணக்கு செல்லாது. மூச்சைக் கவனித்து ஓடியே ஆகணும். ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அதுதான் சரியான நிதான வேகம்.

இன்னொன்று, அங்குள்ள சாம்பியன்களின் பழக்கம். அதே மலைப்பகுதியில் உள்ள காப்டகாட்டில் பயிற்சி பெறுபவர் எலியுட் கிப்சோகே. 2022 பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் முடித்தவர். அதாவது, ஒரு கி.மீ.க்கு சுமார் 2 நிமிடம் 52 விநாடி! ஆனால் கென்ய வீரர்கள் நிதான ஓட்ட நாட்களில் கிட்டத்தட்ட நடை வேகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். 'மெதுவா ஓடுறது தோல்வி இல்லை, அதுவும் பயிற்சிதான்' என்பது நேரில் பார்க்கும்போது மனசில் பதிந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

* முதல் இரண்டு, மூன்று நாள் நடை, லேசான ஓட்டம் போதும்.
* தண்ணீர் நிறைய குடிக்கணும். தலைவலி, குமட்டல் வந்தால் ஓடக்கூடாது.
* வியாழக்கிழமை காலை நடக்கும் வேகமான கூட்டு ஓட்டத்தை முதல் நாளே முயற்சிக்காதீங்க.
* பழைய காயம் இன்னும் வலித்தால், பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்க.

கென்யா போக முடியலைன்னா?

கவலை வேண்டாம். வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு, பேசிக்கொண்டே ஓட நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு, உங்க ஊர் மைதானத்திலேயே இரண்டு வாரம் மெதுவா ஓடிப் பாருங்க. விட்டுப்போன மூச்சு, நாம நினைப்பதைவிடச் சீக்கிரமே திரும்பி வரும்!