வழுவும் வழுவமைதியும்: வளர்ந்தோர் தமிழில் நம்மை உறுத்துவன

தமிழ் கற்பிப்போர் மூவர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு விரைவிலேயே பிறர் தமிழில் காணும் பிழைகளை நோக்கித் திரும்பிவிடுவது வழக்கம். திருமண அழைப்பிதழ், கோயில் அறிவிப்புப் பலகை, இரங்கல் விளம்பரம், மேடைப் பேச்சு என எங்கும் கண்ணையோ செவியையோ உறுத்தும் ஏதேனும் ஒன்று கிடைத்துவிடும். மாணவர் பிழைகளைப் பகுத்தாராயும் நாம், வளர்ந்தோர் பிழைகளைக் கண்டால் முகம் சுளிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இக்கட்டுரை வளர்ந்தோர் பிழைகளையே எடுத்துக்கொள்கிறது. நம்மை உறுத்தும் பிழை வேறு, பொருளைக் கெடுக்கும் பிழை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதித் திருத்துவதால் நேரும் இழப்பு சிறிதன்று.

நம் இலக்கண மரபு சரி, தவறு என்னும் இரண்டோடு நின்றுவிடவில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலைகளை அது கண்டது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழிலும் வழு நேரலாம் என்ற நன்னூலார், தக்க காரணம் உள்ளவிடத்து அவ்வழுவையே அமைத்துக்கொள்ளவும் வழி தந்தார். உவப்பினால் பசுவை அம்மை என உயர்திணையாக்கி அழைப்பது வழுவன்று, வழுவமைதி. காலம் மாறுகையில் பழைய வழக்குகள் மறைவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகா என்றும் அவர் இடமளித்துச் சென்றார். இம்மூன்றாம் நிலையை வகுப்பில் விளக்கும் நாம், பிறர் எழுத்தைப் படிக்கையில் மட்டும் அதனை மறந்துவிடுகிறோம்.

முடிந்துபோன மாற்றங்கள்

'அது அல்ல' என்று எழுதுவோரைக் கண்டு சினப்பவர் நம்மிடையே இன்னும் உளர். அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல என்பதே முறை. ஆயினும் இன்றைய உரைநடையில் 'அல்ல' என்பது ஐம்பாலுக்கும் பொதுவாகிவிட்டது. இல்லை, உண்டு, வேறு ஆகிய சொற்களை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவென நன்னூல் ஏற்றுக்கொண்டதை நினைத்தால், 'அல்ல' செல்லும் வழியும் அதுவே எனத் தெரியும். ஆய்வுக் கட்டுரையில் 'அன்று' எனத் திருத்தலாம். கோயில் சுற்றறிக்கையில் திருத்த வேண்டுவதில்லை.

'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' என்னும் வழக்கு தமிழறிஞர்களிடையேயே தீராதது. தீராத வழக்கில் பொதுமக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையாகாது. உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' எழுதாமை, 'ஒவ்வொரு மாணவர்களும்' எனப் பன்மை சேர்த்தல் ஆகியன பிழைகளே. ஆனால் அவற்றால் யாரும் பொருளைத் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.

திருத்த முயன்றதால் பிறந்த பிழைகள்

நம்மை மிகுதியாக எரிச்சலூட்டும் பிழைகள் சில, அறியாமையால் பிறந்தவை அல்ல. விதியை அறிந்தவர் அதனை அளவுக்கு மிஞ்சிப் பொருத்தியதால் பிறந்தவை. இதனை உணர்ந்தால் நம் எரிச்சலில் பாதி தணியும்.

'சுவற்றில் எழுதாதீர்' என்னும் அறிவிப்பைப் பார்ப்போம். சுவர் என்பதோடு இல் சேர்ந்தால் சுவரில் என்றே ஆகும். 'சுவற்றில்' என்பதற்குச் 'சுவறு' என்னும் அடிச்சொல் வேண்டும். சுவறுதலோ வற்றுதலைக் குறிக்கும் வினை. பிறகு இவ்வடிவம் எங்கிருந்து வந்தது? பேச்சில் நாம் 'கெணத்துல', 'வயித்துல', 'செவுத்துல' என்கிறோம். முதல் இரண்டையும் எழுதும்போது கிணற்றில், வயிற்றில் என மாற்ற வேண்டும் என்று பள்ளியில் கற்றவர், மூன்றாவதையும் அதே வாய்பாட்டில் மாற்றிச் 'சுவற்றில்' என எழுதிவிடுகிறார். பேச்சிலிருந்து எழுத்துக்கு ஏறும் படியில் அவர் ஒழுங்காகவே ஏறினார். அந்தப் படி மட்டும் அங்கு இல்லை.

'கோர்த்து' என்பதும் இவ்வாறே. பார்த்து என்பது பேச்சில் 'பாத்து' ஆகும்; சேர்த்து 'சேத்து' ஆகும். ஆகவே 'பூவைக் கோத்து' எனத் தம் வாயில் வருவதும் கொச்சை என எண்ணி, இல்லாத ரகரத்தை இட்டுக் 'கோர்த்து' என எழுதுகிறார். உண்மையில் கோ என்னும் வினையின் எச்சம் கோத்து என்பதே. பேச்சு வழக்கே இங்குச் சரியானது. 'கோர்வை' என்பதும் இவ்வழியில் வந்ததே. கோவை என்பதே செவ்விய வடிவம்.

மிகையாக இடும் ஒற்றும் இவ்வகையைச் சார்ந்தது. 'நடந்தக் கூட்டம்', 'சிறந்தப் பேச்சாளர்', 'நல்லப் பிள்ளை' ஆகியவற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒற்றுப் பிழைக்காக ஒருகாலத்தில் மதிப்பெண் இழந்தவர்கள். பெயரெச்சத்தின்பின் வல்லினம் மிகாது என்பது அவர்களுக்கு நினைவில் இல்லை. ஒற்று இடாவிட்டால் ஏச்சு விழும் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாயின் மிகும் என்னும் விதிவிலக்கை ('வாடாத பூ', 'வாடாப் பூ') முதல் நாளே சேர்த்துச் சொல்லிக் குழப்பியதில் நமக்கும் பங்குண்டு.

அச்சம் ஒற்றோடு நிற்பதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து தமிழில் பேசத் தொடங்கிய ஒருவரை இடைமறித்து, 'முயற்சித்தோம் எனல் தவறு, முயன்றோம் என்க' எனத் திருத்தினால், அடுத்த கூட்டத்தில் அவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். அல்லது பேசவே மாட்டார். (முயல் என்னும் வினையிலிருந்து முயற்சி என்னும் பெயரை ஆக்கி, அப்பெயரை மீண்டும் வினையாக்குவது வேண்டாத சுற்றுவழி என்பதில் நமக்கும் ஐயமில்லை. கேள்வி, அதனை எப்போது சொல்வது என்பதே.) சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்ற குடியிருப்பாளர் 2010ஆம் ஆண்டில் 3.3 விழுக்காட்டினர், 2020ஆம் ஆண்டில் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. இக்குறைவுக்குக் காரணங்கள் பல. திருத்தும் ஆசிரியரை அவற்றுள் ஒன்றாக யாரும் எண்ணிக் காட்டியதில்லை. ஆயினும் பிழையோடு பேசுவோர் தொகையே சுருங்கிவரும் சூழலில், பேசுபவரை வாயடைக்கச் செய்யும் திருத்தம் யாருக்குப் பயன்படும் என்று நாம் கேட்டாக வேண்டும். அந்நாட்டில் 2005ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தர வேண்டும் எனப் பரிந்துரைத்ததும் இக்கவலையோடு தொடர்புடையதே.

பொருள் கெடும் இடம்

எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்பது நம் கருத்தன்று. ஒற்றிலேயே விடக்கூடாத இடங்கள் உள. 'வேலை கொடு' என்றால் பணி கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையிலுள்ள வேலைக் கேட்கிறோம். 'தந்த பலகை' ஒருவர் கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. 'பொய் சொல்' ஏவல், 'பொய்ச்சொல்' பெயர். ஒற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் விதிப் பட்டியலிலிருந்து தொடங்காமல் இத்தகைய இணைகளிலிருந்து தொடங்கினால், வளர்ந்தோர்க்கு ஒற்று ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

இதனினும் கொடியவை, நம் கண்ணில் படாமலே நழுவும் பிழைகள். வாழ்த்து மடல்களில் 'மனமாற வாழ்த்துகிறோம்' எனக் காண்கிறோம். மனம் நிறைய வாழ்த்துவதே கருத்தாயின் 'மனமார' என வேண்டும், ஆர்தல் நிறைதல். 'மனமாற' என்றால் மனம் தணியவோ மனம் மாறவோ வாழ்த்தியதாக முடியும். ரகர றகர வேறுபாடு இன்றைய பேச்சில் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆகவே செவி உதவாது. 'சின்ன ர, பெரிய ற' என்று சொல்லிப் பயனுமில்லை. சொல்லின் குடும்பமே உதவும். வயிறார உண்டான், கண்ணாரக் கண்டான், வாயார வாழ்த்தினான் ஆகியவை ஒரு குடும்பம்.

மலேசியத் தமிழரின் அன்றாடச் சொல் ஒன்று இங்குக் கைகொடுக்கிறது. காலையில் ஒருவரையொருவர் 'பசியாறிட்டீங்களா' எனக் கேட்பது நம் வழக்கம். தமிழகத்திலிருந்து வருவோர் சிலர் இதனை வட்டாரக் கொச்சை என எண்ணிப் புன்னகைப்பதுண்டு. உண்மையில் அது இலக்கணம் வழுவாத நல்ல தமிழ். ஆறுதல் என்றால் தணிதல், பசி தணிகிறது. வயிறு ஆர்கிறது, பசி ஆறுகிறது. இவ்விரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், 'மனமாற' எனப் பிறகு எழுதுவோர் குறைவர்.

நினைவுநாள் விளம்பரங்களில் வரும் 'நினைவு கூறுகிறோம்' என்பதும் இத்தகையதே. அங்கு வேண்டுவது நினைவுகூர்தல். கூர்தல் மிகுதல், 'அன்புகூர்ந்து', 'தயைகூர்ந்து' என்பவற்றில் உள்ள அதே சொல். கூறுதல் சொல்லுதல்.

வினைகளில் தன்வினையும் பிறவினையும் மயங்குவது இன்னொன்று. 'கட்டுரைகளைத் திருந்தினேன்', 'காரை இடப்பக்கம் திரும்பினார்' என எழுதுவோர், மெல்லினம் வல்லினமாகும்போது செயல் பிறிதொன்றின்மேல் செல்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. திருந்து, திருத்து, திரும்பு, திருப்பு, அடங்கு, அடக்கு, வருந்து, வருத்து. இணை இணையாகச் சொன்னால் ஒரே வகுப்பில் முடியும் பாடம் இது.

இறுதியாக 'எடு' என்னும் வினை. ஆங்கிலத்தின் 'டேக்', மலாயின் 'அம்பில்' ஆகிய இரண்டும் தேர்வுக்கும் பாடத்துக்கும் படத்துக்கும் ஒருசேர வருவதால், நம் நாட்டுத் தமிழர் நாவில் 'எடு' இருபுறமும் தள்ளப்படுகிறது. தமிழில் படம் எடுக்கலாம், தேர்வை எழுதுகிறோம், பேருந்தில் ஏறி வருகிறோம், மருந்தைச் சாப்பிடுகிறோம். (மருந்தைப் பொறுத்தவரை மலாயும் 'மாக்கான்' எனத் தமிழோடு ஒத்து நிற்க, ஆங்கிலம் மட்டுமே 'மருந்து எடுத்தேன்' என்பதை நமக்குத் தந்தது.) பேச்சில் 'பஸ் எடுத்து வந்தேன்' என்பாரைத் திருத்த வேண்டுவதில்லை, பொருள் தெளிவு. எழுத்தில் 'தேர்வு எடுத்தான்' என்பதைத் 'தேர்வு எழுதினான்' எனத் திருத்தலாம். ஆனால் 'என் மகள் இடைநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறாள்' என ஒரு தாய் எழுதும் கடிதத்தைக் கட்டாயம் திருத்தித் தர வேண்டும். நம் ஊரில் அது தமிழை ஒரு பாடமாகப் படிப்பதைக் குறிக்கிறது. தமிழகத்தில் வகுப்பெடுப்பதும் பாடமெடுப்பதும் ஆசிரியர் செயல். அங்குள்ள உறவினர் அக்கடிதத்தைப் படித்தால், மகளுக்கு ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது என்றே மகிழ்வர்.