மூளையைக் காக்கும் சிறு புரதம்

இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அதன்மீது துத்தநாகம் பூசுவர். வாளியிலும் கூரைத் தகட்டிலும் காணப்படும் அவ்வுலோகம் நம் உடலினுள்ளும் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் அதன் அளவு 2 முதல் 3 கிராம் வரையே. ஆயினும், அது குறைந்தால் உடல் வளர்ச்சி குன்றும். பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் ஈரான் நாட்டில் பணியாற்றியபோது, 20 வயதைக் கடந்தும் சிறுவரைப் போலத் தோன்றிய இளைஞரைக் கண்டார். துத்தநாகக் குறைவு அதற்குக் காரணமாகலாம் என 1961ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் எகிப்தில் நடைபெற்ற ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன.

மூளைக்கும் துத்தநாகம் இன்றியமையாதது. நினைவுகள் பதிய உதவும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் அது மிகுந்துள்ளது. அங்குள்ள நரம்புச் செல்கள் சில, அதனை நுண்ணிய பைகளில் சேமித்து வைத்துள்ளன. ஒரு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்பும்போது, அப்பைகளிலிருந்து துத்தநாகம் வெளிப்பட்டு, செய்தியின் வலிமையைச் சீராக்குகிறது.

ஆனால், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படும்போது துத்தநாகம் மிகுதியாக வெளிப்பட்டு நரம்புச் செல்களுக்குள் புகுவதையும், அதனால் அவை மடிவதையும் விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மடிந்த நரம்புச் செல்லுக்கு ஈடாகப் புதிய செல் பெரும்பாலும் தோன்றுவதில்லை.

குறைவும் மிகையும் நேராமல் காப்பவற்றுள் முதன்மையானது மெட்டலோதயனின் என்னும் புரதக் குடும்பம். இக்குடும்பத்தை மார்கோஷஸ், வாலி என்னும் இரு அறிஞர்கள் 1957ஆம் ஆண்டில் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டறிந்தனர். மூளையில் மிகுதியாக உள்ள வகை 68 அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் 20, சிஸ்டீன் என்னும் அமினோ அமிலமாகும். சிஸ்டீனில் உள்ள கந்தகம் துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இதனால் ஒரு புரத மூலக்கூறு 7 துத்தநாக அயனிகளைத் தாங்குகிறது.

மழைக்காலத்தில் நீரைத் தேக்கிக் கோடையில் திறந்துவிடும் அணையைப் போன்றது இப்புரதம். செல்லினுள் துத்தநாகம் பெருகினால் பற்றிக்கொள்ளும். தேவை ஏற்படின் பிற புரதங்களுக்கு விட்டுக்கொடுக்கும். துத்தநாகம் மேலும் பெருகினால், அதனை உணரும் வேறொரு புரதம் மரபணுக்களைத் தூண்டுகிறது. உடனே இக்குடும்பப் புரதங்கள் சில கூடுதலாக உருவாகின்றன. செல்லின் சவ்வில் உள்ள வேறு புரதங்கள், வாயிற்காவலர் போன்று துத்தநாகத்தை உள்ளே விடுவதும் வெளியேற்றுவதுமாக உதவுகின்றன.

அல்சைமர் என்னும் மறதி நோயுற்றோரின் மூளையில் படியும் புரதத் திட்டுகளில் துத்தநாகம் மிகுந்து காணப்படுகிறது. எனவே, இச்சமநிலை குலைவதற்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை அறிவியலாளர் ஆராய்ந்து வருகின்றனர்.

கொண்டைக்கடலை, பருப்பு, முந்திரி, முட்டை, இறைச்சி ஆகியவற்றில் துத்தநாகம் உண்டு. இவற்றை நாள்தோறும் அளவோடு உண்பது நலம். மருத்துவர் கூறாமல் துத்தநாக மாத்திரைகளை உட்கொள்ளுதல் கூடாது.