டர்போவும் கணிப்பொறியும்

என் பழைய மாணவன் ஒருவன் தன் டர்போ காரில் காற்றழுத்தத்தை உயர்த்தினான். எஞ்சின் கணிப்பொறியைத் திருத்தினானில்லை. ஒரே மாதத்தில் பிஸ்டன் உடைந்தது. "காற்று மிகுந்தால் தீ வளரும் என்று தாங்கள்தாமே கற்பித்தீர்கள், ஐயா?" என்றான். பாதிப் பாடம் என்னுடையதே.

கழிவுப்புகையின் விசையால் சுழன்று எஞ்சினுள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு, சுவிஸ் பொறியியலார் ஆல்பிரட் பூச்சி 1905-இல் காப்புரிமை கோரினார். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிகின் பெட்ரோலும் மிக வேண்டுமன்றோ? கடுஞ்சுமையில் அவ்விகிதத்தினும் கூடுதலாகவே ஊட்டுவர். அது ஆவியாகி வெப்பம் தணிக்கும். தீப்பொறியையும் சற்றே தாமதிக்க வேண்டும். தவறினால், எரியாது எஞ்சிய கலவை தானே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டிபோல் தாக்கும். இதுவே 'நாக்'.

கணிப்பொறியில் தொழிற்சாலையார் பதித்த அட்டவணையோ பழைய அழுத்தத்துக்கே உரியது. சுவீடனின் சாப் நிறுவனம் 1982-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் எஞ்சினுக்குச் செவியே பொருத்தியது. நாக் கேட்டதும் காற்றழுத்தம் தானே தாழும். ஆயினும் செவி, தொடங்கிவிட்ட தீங்கையே கேட்கும்; அட்டவணையை அது திருத்தி எழுதாது.

மாணவன் இப்போது அட்டவணை திருத்துவோரைத் தேடுகின்றான். பிஸ்டனுக்கு வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை.