ஐ.ஓ.எஃப் .32 ரிவால்வர்: பழையதை வாங்குவதும் மதிப்பிடுவதும்

ஐ.ஓ.எஃப் .32 ரிவால்வர் என்பது கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலையில் உருவாகி, உரிமம் பெற்ற பொதுமக்களுக்கு விற்கப்படும் ஆறு தோட்டாக் கைத்துப்பாக்கி ஆகும். இங்கிலாந்தின் புகழ்பெற்ற வெப்லி மார்க் 4 ரிவால்வரின் அமைப்பைத் தழுவியது. இதன் முதல் வகையின் குழல் 3 அங்குல நீளமும், துப்பாக்கி ஏறத்தாழ 700 கிராம் எடையும் கொண்டவை. இந்தியாவில் சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருக்கும் பலரிடம் இருப்பது இதுவே. ஒருவர் கைமாறி இன்னொருவர் கைக்கு வரும் பழைய துப்பாக்கிகளிலும் இதை அடிக்கடி காணலாம். இக்கட்டுரை இதன் வரலாற்றையும், பழைய துப்பாக்கி ஒன்றை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதையும், திருவண்ணாமலை போன்ற ஒரு கோயில் நகரில் அதை வைத்திருப்பதற்கான கட்டுப்பாடுகளையும் விளக்குகிறது.

மூலமும் நகலும்

பர்மிங்காம் நகரைச் சேர்ந்த வெப்லி நிறுவனத்தின் ரிவால்வரை பிரிட்டிஷ் படை 1887இல் ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போர்க் காலத்தில், 1915இல், .455 அளவுள்ள மார்க் 6 வந்தது. அது கனமானது, புதிய வீரர்களைப் பழக்குவது கடினமாக இருந்தது. எனவே போருக்குப் பின் சற்றுச் சிறிய .38 அளவில் மார்க் 4 வடிவமைக்கப்பட்டது.

இங்கேதான் நகலின் கதை தொடங்குகிறது. வெப்லியின் வடிவமைப்பைப் பார்த்த பிரிட்டிஷ் அரசு, அதை ஒட்டித் தன் சொந்த என்ஃபீல்டு தொழிற்சாலையிலேயே ஒரு ரிவால்வரைச் செய்து 1932இல் படைக்கு வழங்கியது. வெப்லி நிறுவனம் வழக்காடியது. முடிவில் அதற்குக் கிடைத்தது 1,250 பவுண்டு மட்டுமே. ஆக, வெப்லியை முதலில் பெரிய அளவில் நகலெடுத்தது ஓர் அரசுதான். பல ஆண்டுகளுக்குப் பின் கான்பூரில் நடந்ததும் அதே வகையானது.

இந்த அமைப்பின் தனித்தன்மை, துப்பாக்கி நடுவில் மடிந்து திறப்பது. பின்புறம் லாடம் போன்ற கொக்கி ஒன்று இருக்கும். அதைப் பெருவிரலால் தள்ளினால் குழல் முன்பக்கம் சாயும். சிலிண்டரின் நடுவிலுள்ள நட்சத்திர வடிவத் தகடு எழும்பி ஆறு வெற்றுக் கூடுகளையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். வசதியான அமைப்புதான். ஆனால் துப்பாக்கியின் உடல் இரண்டு துண்டாக இருப்பதால், அவற்றை இணைக்கும் கீலும் கொக்கியும் தேய்ந்தால் முழுத் துப்பாக்கியும் ஆட்டம் காணும். பழையதை மதிப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஏன் .32?

படையும் காவல்துறையும் பயன்படுத்தும் பல அளவுகள் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. .38, .455, 9 மி.மீ. ஆகியவை அவற்றில் அடங்கும். அதனால்தான் வெப்லியின் .38 உடலமைப்பு இங்கே .32 ஆகச் சுருங்கியது.

இதற்கு இன்னொரு எடுத்துக்காட்டும் உண்டு. ஜான் பிரவுனிங் தொடங்கி, அவர் 1926இல் இறந்த பின் பெல்ஜியத்தின் தியூதோனே சைவ் முடித்த ஹை பவர் கைத்துப்பாக்கி 1935இல் வெளிவந்தது. ஹங்கேரி, துருக்கி, பல்கேரியா எனப் பல நாடுகள் அதன் மலிவு நகல்களைச் செய்தன. அமெரிக்காவில் அந்த நகல்களைப் பழைய விலைக்கு வாங்குவது சாதாரணம். இந்தியாவிலும் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை அதே ஹை பவரை 9 மி.மீ. 1ஏ என்ற பெயரில் தயாரித்தது. ஆனால் அது படைக்கும் காவல்துறைக்கும் உரியது. பொதுமக்கள் வாங்க முடியாது. அவர்களுக்குக் கிடைப்பவை .32 ரிவால்வர், அசானி என்ற .32 தானியங்கிக் கைத்துப்பாக்கி போன்றவையே.

பழைய துப்பாக்கி எங்கிருந்து வருகிறது?

1980களின் நடுப்பகுதியிலிருந்து பொதுமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது பெரும்பாலும் நின்றுபோனது. அதற்கு முன் வந்த அசல் வெப்லி போன்றவை எண்ணிக்கையில் குறைந்து, விலையில் ஏறிவிட்டன. எனவே உள்நாட்டு நகலே மலிவானது என்ற நிலை உருவானது. மலிவு என்பதும் ஒப்பீடுதான். 2014இல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று வெளியிட்ட 500 கிராம் எடையுள்ள நிர்பீக் ரிவால்வரின் விலை ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய்.

பழையவை மூன்று வழிகளில் சந்தைக்கு வருகின்றன. முதலாவது, உரிமதாரர் இறந்தபின் வாரிசுகள் விற்பது. இரண்டாவது, முதுமையாலோ வேறு காரணத்தாலோ உரிமத்தைப் புதுப்பிக்க விரும்பாதவர்கள் விற்பது. மூன்றாவது, 2019ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தம். அதற்கு முன் ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். திருத்தம் அதை இரண்டாகக் குறைத்து, மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னது.

உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் உரிமம் வழங்குபவர் மாவட்ட நடுவர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர். திருவண்ணாமலை மாவட்டத்தவர் வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும். காவல்துறையின் விசாரணை அறிக்கைக்குப் பின்பே முடிவு எடுக்கப்படும்.

எல்லாத் துப்பாக்கிகளையும் சட்டம் ஒரே மாதிரி நடத்துவதில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கான வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும், தற்காப்பு அல்லது விளையாட்டுக்கான நீளக்குழல் துப்பாக்கிக்கும் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஓரளவு இடம் கொடுக்கிறது. ரிவால்வருக்கு அப்படி இல்லை. தனக்கு அது ஏன் தேவை என்பதற்குத் தக்க காரணத்தை விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். ஆகவே, காட்டுப்பன்றியிடமிருந்து நிலக்கடலைக் கொல்லையைக் காக்க நினைக்கும் விவசாயிக்கு ரிவால்வர் சரியான விண்ணப்பமும் ஆகாது, சரியான கருவியும் ஆகாது.

2019 திருத்தத்துக்குப் பின் உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்தது. உரிமத்தில் எந்த வகை, எந்த அளவு, எந்தப் பகுதிக்குள் செல்லும் என்பவை எழுதப்பட்டிருக்கும். அந்த வரம்புக்குள் வருவதை மட்டுமே வாங்கலாம்.

எண்ணும் ஏடும்

பழைய துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன் அதன் ஏட்டைப் பார்க்க வேண்டும். விற்பவரின் உரிமம் நடப்பில் உள்ளதா? அதில் எழுதியுள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்துள்ள எண்ணும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒத்துள்ளனவா? இறந்தவரின் துப்பாக்கி என்றால், அது சட்டப்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கப்பட்டதற்கான ரசீது உள்ளதா?

ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இங்கே மிக முக்கியமானது. தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் இல்லாத துப்பாக்கியை விற்கவே கூடாது. எண்ணை அழித்த துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், வேறு விதமாக நிறுவப்படும் வரை, அவரே அழித்தார் என்று சட்டம் கொள்ளும். எண் மங்கலாகவோ, மேலே புதிதாகச் சாயம் ஏற்றப்பட்டோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலகுவதே அறிவு.

தனிநபரிடமிருந்து நேரே வாங்கினால், விற்பவர் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் குறித்து, மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் 45 நாள் கழிந்தால்தான் துப்பாக்கி கைமாறலாம். "இன்றே எடுத்துக்கொள்ளுங்கள், தாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு, வாங்குபவரைக் குற்றவாளியாக்கும் பேச்சு. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்தின்படி இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பொறியைச் சோதித்தல்

சோதனை எதுவாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றே. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, துப்பாக்கியைத் திறந்து, ஆறு அறைகளும் காலியாக உள்ளனவா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். விற்பவர் காட்டிவிட்டார் என்பது போதாது. பின்வருவனவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

1. கீலும் கொக்கியும்: மூடிய நிலையில் ஒரு கையால் பிடியையும் மறு கையால் குழலையும் பற்றி மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் அது பெரிய குறை. இதைச் சரிசெய்வது எளிதன்று.

2. சிலிண்டரின் நிலை: சுத்தியலை மெதுவாகப் பின்னிழுக்கும்போது, அது முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் இதைத் தனித்தனியே பார்க்க வேண்டும். ஓர் அறை மட்டும் பிந்தினாலும், தோட்டா குழலின் நேர்கோட்டில் நிற்காது. வெடிக்கும்போது ஈயத்துகள் பக்கவாட்டில் சிதறும்.

3. இடைவெளி: சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள வெளி நூலிழை அளவே இருக்க வேண்டும். பொதுவாக 0.1 முதல் 0.2 மி.மீ. வரை நல்லது. 0.25 மி.மீ. தாண்டினால் தேய்மானம் என்று கொள்ளலாம்.

4. குழலின் உட்புறம்: திறந்த குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் சுருள் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். சிறு துரு துடைத்தால் போகும். குழிவிழுந்த துரு போகாது. நடுவில் வளையம் போல நிழல் தெரிந்தால், முன்பு சிக்கிய குண்டின் மேல் இன்னொரு குண்டு சுடப்பட்டு குழல் வீங்கியிருக்கக்கூடும். அத்தகையதை வாங்கவே கூடாது.

5. சுத்தியலும் விசையும்: பின்னிழுத்து நிறுத்திய சுத்தியலைப் பெருவிரலால் லேசாக முன்னே தள்ளினால் அது நழுவக் கூடாது. நழுவினால் கைதவறுதலில் வெடிக்கும் ஆபத்து உள்ளது.

6. வெளித்தோற்றம்: திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால், அனுபவமற்றவர் கழற்றியிருக்கிறார். புதிதாகப் பளபளக்கும் கருநீலச் சாயம் பழைய குழிகளை மறைக்கவும் பூசப்படலாம்.

பத்து, பதினைந்து ஆண்டு உரிமத்தில் இருந்தும் ஐம்பது தோட்டாகூடச் சுடாத துப்பாக்கிகள் நம் ஊரில் உண்டு. ஆகவே தேய்மானத்தைவிடத் துருவும் இறுகிப்போன எண்ணெயும் தளர்ந்த வில்களுமே அதிகம் எதிர்பார்க்க வேண்டியவை. ஒப்படைப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்த துப்பாக்கியை, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் பார்த்த பின்பே முடிவு செய்வது நல்லது.

தோட்டாவில் ஒரு குழப்பம்

.32 என்ற பெயரில் இரு வேறு தோட்டாக்கள் உள்ளன. ரிவால்வருக்கு உரியது 7.65 × 23 மி.மீ. அளவுள்ள, அடிவிளிம்பு வெளியே நீண்ட தோட்டா. அசானி போன்ற தானியங்கிக்கு உரியது 7.65 × 17 மி.மீ. பெயர் ஒன்று என்பதால் இவற்றை மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பதும் உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும்.

விலையை எடைபோடுதல்

பழைய நகலுக்குப் போட்டியாக இன்று புதியவை வந்துள்ளன. 2020இல் வெப்லி நிறுவனமே உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் கூட்டு முயற்சியாக .32 ரிவால்வர் தயாரிப்பைத் தொடங்கியது. நகல் பிறந்த மாநிலத்துக்கே மூலமும் வந்து சேர்ந்தது. 2021 அக்டோபரில் அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கான்பூர், இஷாப்பூர், நம் திருச்சி ஆகிய இடங்களின் துப்பாக்கித் தொழிற்சாலைகள் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அந்நிறுவனம் 2023இல் பிரபல் என்ற ரிவால்வரை வெளியிட்டது. இதன் சிலிண்டர் பக்கவாட்டில் திறப்பதால், உடல் ஒரே துண்டாக உறுதியாக நிற்கிறது.

எனவே பழையதன் விலையைப் புதியதன் விலையோடு ஒப்பிட்டே பேச வேண்டும். பழுதுபார்ப்புச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், பல நேரம் வித்தியாசம் சிறிதாகிவிடும். கீல் இறுக்கமாகவும் குழல் சுத்தமாகவும் ஏடு நேராகவும் உள்ள பழைய ரிவால்வர் நல்ல கொள்முதல். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது மலிவு ஆகாது.

திருவண்ணாமலையில் வைத்திருப்பது

வாங்கிய பின் அதை என்ன செய்வது என்ற கேள்வி இந்த ஊரில் கூடுதல் பொருள் கொண்டது. சந்தை, சமய ஊர்வலம், பொதுமக்கள் கூடும் இடம், கல்வி நிறுவன வளாகம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதியின்றித் துப்பாக்கியை எடுத்துச் செல்லக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. பௌர்ணமிதோறும் 14 கி.மீ. கிரிவலப் பாதை மக்களால் நிறைகிறது. கார்த்திகை தீபத்தன்று நகரமே ஒரு பெருங்கூட்டம். அண்ணாமலையார் கோயிலைச் சுற்றி வாழ்பவருக்கு, வாசலை விட்டு இறங்கினாலே கூட்டம்தான். இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதற்காக வாங்குபவர், பல நாட்களில் உரிமத்தையே மீறுவார்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம். ரசீது பெற்றுத் திரும்ப வாங்க வேண்டும். விழாவில் மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுடுவது 2019 திருத்தத்துக்குப் பின் தனிக் குற்றம். இதே மாவட்டத்தின் ஜவ்வாது மலைப் பகுதியில், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை அறிவுறுத்தி வருவதையும் நினைவில் கொள்ள வேண்டும். மலையில் உள்ள அந்தப் பழைய குழலுக்கும் நகரில் உள்ள நிக்கல் பூசிய ரிவால்வருக்கும் சட்டத்தின் முன் ஒரே கேள்விதான்: ஏடு எங்கே?

ஆகவே இங்கே ஒரு ரிவால்வரின் பெரும்பகுதி வாழ்க்கை வீட்டுப் பூட்டுப் பெட்டிக்குள்தான் கழியும், தோட்டாக்கள் வேறு பெட்டியில். குழந்தைகளுக்கு எட்டாத அந்தப் பெட்டிக்கு வீட்டில் இடமும், அதன் சாவியைப் பொறுப்புடன் காக்கும் ஆளும் உண்டா என்பதை, துப்பாக்கியின் கீலைச் சோதிப்பதற்கு முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும்.