மல்லிகையும் மல்லிகாவும்

மட்டாஞ்சேரியில் தமிழர் குடியிருக்கும் வீடு எதுவென்று அறிய எவரையும் வினவ வேண்டுவதில்லை. வாயிலருகே ஒரு மல்லிகைச் செடி நிற்கும். இடமிருந்தால் மண்ணில் நிற்கும். இல்லையேல் உடைந்த வாளியிலோ பழைய தகர டப்பாவிலோ நிற்கும். ஆனால் நம்மவர் கையால் வைத்த மாமரத்தைக் காண்பது அரிது. காரணம் கேட்டால், "வாடகை வீட்டில் மரம் வைப்பார் உண்டோ?" என்பர். நானும் அவ்வாறு கூறிவந்தவனே. ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். மாறுதல் உத்தரவு என்று வருமோ என்று எதிர்பார்த்தே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன.

இன்று என் வீட்டு முற்றத்தில் இரண்டும் நிற்கின்றன. ஒன்று குண்டுமல்லிகை, மற்றொன்று மல்லிகா என்னும் கலப்பின மா. பெயரில் ஈற்றெழுத்து ஒன்றே வேறுபாடு. இயல்பில் உள்ள வேறுபாடோ பெரிது. அதனை அன்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மல்லிகை. மதுரை மல்லி 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மதுரையைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் அது விளைகிறது. எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். அங்கே பூ என்றால் அதுவே பூ. குண்டுமல்லிகையை விதையிட்டு வளர்ப்பாரில்லை. தாழ்ந்த கிளையொன்றை வளைத்து மண்ணில் புதைத்து, வேர் விட்டபின் அறுத்தெடுப்பர். இதுவே பதியன். ஆகவே பதியனைத் தாய்ச்செடியின் குழந்தை என்பது பொருந்தாது, அது தாய்ச்செடியேதான். என் பாட்டி வைத்த செடியின் கிளை என் அம்மாவின் வீட்டுக்கு வந்தது. அதன் கிளை ஈரக் கோணியில் சுற்றப்பெற்று ரயிலேறி மட்டாஞ்சேரிக்கு வந்தது.

வந்த செடியை ஊர் வழக்கப்படி ஓரடிக் குழி தோண்டி, நீர் நிற்கப் பாத்தி கட்டி வைத்தேன். அங்கேதான் பிழை செய்தேன். கொச்சிப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் பக்கத்தில் பெய்வது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நீரைத் தேக்கிவைக்கும் ஊரின் பழக்கத்தை, நீரை வடித்துவிட வேண்டிய ஊரில் கையாண்டேன். ஆடி பிறப்பதற்குள் வேர் அழுகிச் செடி பட்டுப்போயிற்று.

அம்மா தொலைபேசியில், "பூத்ததா ஐயா?" என்று கேட்பார்கள். "பூத்தது அம்மா" என்றேன். "எத்தனை முழம் கட்டினீர்கள்?" என்பார்கள். அலுவலகத்தில் கணக்கெழுதிப் பழகிய நாவுக்கு முழக்கணக்கு தடையின்றி வந்தது. இப்பொய் மூன்று ஆண்டுகள் நீடித்தது. ஒருநாள் என் மகள் தொலைபேசியை வாங்கி, "அப்பத்தா, இங்கே செடியே இல்லையே" என்று கூறிவிட்டாள். அம்மா என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த மாதம் உறவினர் ஒருவர் கையில் இரண்டாவது பதியன் வந்து சேர்ந்தது.

அதனைக் காப்பாற்றியவர் எங்கள் வீட்டுக்கார மூதாட்டியார். சேச்சி என்றே அவரை அழைப்போம். குழி வேண்டாம், மண்ணை அணைத்து மேடாக்கி அதன்மேல் வையுங்கள் என்றார். அவ்வாறே வைத்தேன். வெயில் நன்கு படும் இடம், நீர் தேங்காத வேர், கார்த்திகையில் ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்து: இம்மூன்றும் தவறாமல் இருந்தால் மாசி பங்குனியில் அரும்பு கட்டிவிடும். செடி பத்தாண்டுக்கு மேலும் பூக்கும். மொட்டு முற்றியபின், மலர்வதற்கு முன், விடியற்காலையில் பறித்தல் வேண்டும். அவ்வாண்டு கட்டிய ஒன்றரை முழத்தை உள்ளபடியே அம்மாவிடம் சொன்னேன்.

இனி மாவின் வரலாறு. அதனை வைக்கச் சொன்னவரும் சேச்சியே. நாங்கள் என்று போவோமோ என நான் தயங்கியபோது, "ஐந்து வருஷமாகப் போகிறேன் போகிறேன் என்கிறீர்கள், வந்த அன்றே வைத்திருந்தால் இப்போது காய்த்திருக்குமே" என்றார். இக்கணக்குக்கு என்னிடம் மறுமொழி இல்லை. மண்ணுத்தியிலுள்ள நாற்றங்கால் ஒன்றுக்குச் சென்று ஓர் ஒட்டுக்கன்று வாங்கி வந்தேன். மலையாளத்தில் மாமரத்தை மாவு என்பர். என் மகள் அப்பத்தாவிடம், "இன்றைக்கு மாவு வைத்தோம்" என்றாள். "வெளியே வைத்தால் புளித்துவிடும், உள்ளே எடுத்து வை" என்றார்கள் அம்மா.

மல்லிகா என்னும் இவ்வினம் புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கி 1970-களில் வெளியிட்டது. தாய், நம் சந்தைகளுக்குப் பருவக் கடைசியில் வரும் நீலம். தந்தை, லக்னோவுக்கு அருகில் அதே பெயருள்ள சிற்றூரில் தோன்றிய தசேரி. தசேரி சுவை மிக்கது. ஆயினும் ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்வது. நீலம் ஆண்டுதோறும் காய்ப்பது. இரண்டின் நலனையும் ஒன்றுசேர்க்க முயன்றனர். அதே இரண்டைத் தாய் தந்தை மாற்றி இணைத்தபோது ஆம்ரபாலி என்னும் குட்டை மரம் கிடைத்தது. இடம் குறைந்த வீடுகளுக்கு அதுவே ஏற்றது.

இத்தகைய கலப்பினத்தின் கொட்டையை நட்டால் அதே மரம் வராது. அதனால் கிளையை வேறொரு நாற்றின்மேல் ஒட்டவைக்கின்றனர். என் கன்றுக்கு அடிச்செடி எது என்று நாற்றங்கால்காரரிடம் கேட்டேன். இந்நாட்டு மாங்கொட்டையில் முளைத்த நாற்று என்றார். கேரளத்து நாட்டு மா வகைகள் பலவற்றில் ஒரு கொட்டையிலிருந்து பல முளைகள் எழும். அவற்றுள் பெரும்பாலானவை தாய்மரத்தின் இயல்பை அப்படியே கொண்டிருக்கும் என்பதும் அன்றே அறிந்தேன். ஆக, என் முற்றத்தில் நிற்பது தமிழ்நாட்டுத் தாய்க்கும் வடநாட்டுத் தந்தைக்கும் பிறந்து, மலையாள வேரில் நிற்கும் மரம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒட்டிய இடத்துக்குக் கீழே எழும் தளிர்களை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் அடிச்செடி ஓங்கி வளரும், ஒட்டு நலியும். மல்லிகைக்கு இக்கவலை இல்லை. அதன் வேரினின்று எது எழுந்தாலும் அது மல்லிகையே.

நான்காம் ஆண்டாகிய இவ்வாண்டு பதினொரு காய்கள் காய்த்தன. முதற்காயைப் பறித்த மூன்றாம் நாளே அறுத்தோம், வாய் கூசிற்று. ஒட்டு என்னை ஏமாற்றிவிட்டதென்று முணுமுணுத்தேன். எஞ்சியவற்றை வைக்கோலில் இட்டு மறந்துவிட்டோம். மூன்றாம் வாரம் வீடெங்கும் மணம். முற்றிய காயைப் பறித்து இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்தாலன்றி மல்லிகாவின் சுவை வெளிப்படாது. நாரில்லாத சதை, கொட்டையும் மெல்லியது. சேச்சிக்கு நான்கு பழங்கள் கொடுத்தோம்.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்கும் அன்பர்களுக்கு என் விடை இது. விரைவில் பயன் வேண்டுவோர்க்கும், இடமும் உறுதியான இருப்பும் இல்லாதோர்க்கும் மல்லிகை. பொறுமையும் ஓரளவு மண்ணும் உடையோர்க்கு மா. ஆனால் பயனைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றைச் சென்ற மாதம் உணர்ந்தேன். மதுரைக் கோட்டத்துக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. "மல்லிகையைக் கொண்டுபோகலாம், மாவை எப்படிக் கொண்டுபோவது?" என்று மகள் கேட்டாள். கொண்டுபோக முடியாது, அம்மா, என்றேன். ஒன்பது ஆண்டுகள் நாங்கள் வாழ்ந்த ஊருக்கு நாங்கள் விட்டுச் செல்வது என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு மரமேனும் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றிற்று. அதுவும் சேச்சி சொல்லியிராவிட்டால் இராது.

மழை இன்னும் ஓயவில்லை. இரண்டையும் வைக்க ஏற்ற காலம். குழியில் வேண்டாம், மேட்டில் வையுங்கள். எங்கள் மல்லிகையில் நான்கு பதியன்கள் வேர்விட்டிருக்கின்றன. ஒன்று எங்களுடன் ஊருக்கு வரும். மற்ற மூன்றும் நம் சங்கத்து அன்பர்களுக்கு. இம்மாதக் கூட்டத்துக்கு ஈரக் கோணியில் சுற்றிக் கொண்டுவருகிறேன். மாவின் அடித்தளிரைக் கிள்ளும் பொறுப்பைச் சேச்சி ஏற்றுக்கொண்டார்.