இலண்டனில் பெண்கள் வாக்குரிமை வரலாற்று நடை

பிரித்தானியாவில் பெண்கள் வாக்குரிமை கோரிப் போராடிய இடங்கள் பல, இலண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் அருகருகே உள்ளன. ஒரு வரைபடம் கையில் இருந்தால், வழிகாட்டி இல்லாமலே இவற்றை நடந்து பார்க்கலாம். செயின்ட் ஜேம்சஸ் பார்க் சுரங்க இரயில் நிலையத்திலிருந்து தொடங்குவது எளிது.

1. காக்ஸ்டன் மண்டபம்

1907 பிப்ரவரியில் இங்கே 'பெண்கள் நாடாளுமன்றம்' கூடியது. ஆண்கள் மட்டுமே அமர்ந்த நாடாளுமன்றத்துக்கு இது ஒரு பதில். 1910 நவம்பர் 18 அன்று சுமார் 300 பெண்கள் இங்கிருந்து நாடாளுமன்றம் நோக்கிச் சென்றனர். காவலர்கள் அவர்களைப் பல மணி நேரம் அடித்துத் தள்ளினர். அந்நாள் 'கறுப்பு வெள்ளி' எனப்படுகிறது. முன்வரிசையில் சென்றவர்களில் ஒருவர், மகாராஜா இரஞ்சித் சிங்கின் பேத்தி சோபியா துலீப் சிங். மண்டபத்தின் அருகிலுள்ள கிறைஸ்ட்சர்ச் பூங்காவில், போராடிய பெண்களுக்கு 1970-இல் அமைத்த நினைவுச்சின்னம் உள்ளது.

2. நாடாளுமன்றச் சதுக்கம்

அப்பெண்கள் சென்ற திசையிலேயே நடந்தால் இச்சதுக்கத்தை அடையலாம். இங்குள்ள மில்லிசென்ட் ஃபாசெட் சிலை 2018-இல் திறக்கப்பட்டது. இச்சதுக்கத்தில் இடம்பெற்ற முதல் பெண் சிலை இதுவே. மனு, கூட்டம், பேச்சு ஆகிய சட்டவழிகளையே ஃபாசெட் நம்பினார். பீடத்தைச் சுற்றி, இயக்கத்துக்கு உழைத்த 59 பேரின் படங்கள் உள்ளன. அவற்றில் சோபியாவின் முகத்தையும் காணலாம்.

3. வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை

அவை நடவடிக்கைகளைப் பெண்கள் ஓர் இரும்புக் கிராதிக்குப் பின்னால் அமர்ந்துதான் பார்க்க முடிந்தது. 1908-இல் இரு பெண்கள் அக்கிராதியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டனர். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில் எமிலி டேவிசன் இங்குள்ள சிற்றாலயத்தின் அலமாரி ஒன்றில் ஒளிந்திருந்தார். அன்றிரவு தம் இருப்பிடம் நாடாளுமன்றம் எனப் பதிவாக வேண்டும் என்பதே அவர் நோக்கம். இவ்விடங்கள் உள்ளே இருப்பதால், பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே அறிந்து செல்ல வேண்டும்.

4. விக்டோரியா டவர் தோட்டம்

அரண்மனையை ஒட்டி, தேம்சு நதிக்கரையில் எம்மலின் பாங்கர்ஸ்ட் சிலை 1930 முதல் நிற்கிறது. சொல்லைவிடச் செயலே பலன் தரும் என்றவர் இவர். பலமுறை சிறை சென்றார். ஃபாசெட்டின் வழியும் இவருடைய வழியும் வேறு. எது வாக்குரிமையைப் பெற்றுத் தந்தது என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. இரு சிலைகளையும் பார்க்கும் மாணவர் தாமே சிந்திக்க வேண்டிய வினா இது.

பலனும் ஓர் ஒப்பீடும்

1918 சட்டம், சொத்துத் தகுதியுடைய 30 வயது நிரம்பிய பெண்களுக்கு மட்டுமே வாக்களித்தது. ஆண்களுக்கு நிகராக 21 வயதில் வாக்குரிமை கிடைத்தது 1928 ஜூலையில். பாங்கர்ஸ்ட் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே காலமானார். சென்னை மாகாணச் சட்டமன்றமோ 1921-இலேயே, ஆண்களுக்கு இருந்த அதே சொத்துத் தகுதியுடன் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே தகுதி என்ற நெறியில் ஆளப்பட்ட சென்னை, ஆண்ட இலண்டனை ஏழு ஆண்டுகள் முந்தியது.